ரோடு போட்டாச்சு, இனி தோண்டலாம்

போன பதிவில் திவான் சேஷையா சாஸ்திரியார் புதுக்கோட்டை ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தெரு அமைத்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓவர்சியர் நண்பர் போன் செய்தார். "தெரு நேரா இருக்குதுன்னு எழுதுனீங்க, சரிதான் சார். அந்த நேரான தெருவை யார் யார் தோண்டுறாங்க, எப்படி மூடுறாங்கன்னு எழுதுனா என்ன? நமக்குத் தெரியாததா?" என்றார். தெரியும். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கோப்புகளோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்கு இரண்டு வரி. நான் பிறந்து வளர்ந்தது பாண்டிச்சேரி. பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சு வழி. அப்பாவின் பூர்வீகம் புதுக்கோட்டைச் சீமை. அவர் காலத்துக்குப் பிறகு இங்கே வந்து, தேர்வு எழுதி, உள்ளாட்சித் துறையில் எழுத்தராகச் சேர்ந்தேன். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, கோப்பில் ஆங்கிலம். கோப்பு ஆங்கிலம் பிடிபட இரண்டு வருடம் ஆயிற்று. பிடிபட்ட வேளையில் தமிழிலேயே குறிப்பு எழுத வேண்டும் என்று கெடுபிடி வந்தது. (அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும்.) பெரும்பாலும் பொறியியல் பிரிவில்தான் இருந்தேன். சாலை வெட்ட அனுமதி, அதற்கான டெபாசிட், எஸ்டிமேட், பில், தணிக்கைத் தடை எல்லாம் என் மேஜை.

சாஸ்திரியார் 1878-இல் இங்கே திவானாக வந்து 1894 வரை இருந்தார். அவர் போட்ட தெருக்களில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போயின. அடியில் மின்கம்பியும் இல்லை, தொலைபேசிக் கம்பியும் இல்லை. இன்றைக்கு அதே ராஜ வீதிகளின் அடியில் என்னென்ன கிடக்கின்றன! காவிரித் தண்ணீர் வரும் குழாய், அதற்கு முன் போட்ட பழைய குழாய், பாதாளச் சாக்கடை, தொலைபேசிச் செப்புக் கம்பி, அது செத்த பிறகு அதன் பக்கத்திலேயே போட்ட கண்ணாடி இழைக் கேபிள். மேலே வீட்டுக்காரர் ஒருவர், கீழே நாலைந்து குடித்தனம். குடித்தனக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது.

வீட்டுக்காரரும் ஒருவரா என்றால் அதுவும் இல்லை. நம் ஊருக்குள் வரும் தஞ்சாவூர் சாலை தேசிய நெடுஞ்சாலை 36. திருச்சி சாலை 336. வேறு சில சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். மீதித் தெருக்கள் நகராட்சிக்கு, அதாவது 2024 முதல் மாநகராட்சிக்கு. ஒரு குழாய் இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்குப் போக நடுவில் பெரிய சாலையைக் கடந்தால் இரண்டு அலுவலகத்தில் மனு, இரண்டு இடத்தில் பணம், இரண்டு விதமான நிபந்தனை. மனுதாரருக்கு இது தெரியாது. அவருக்கு எல்லாம் ரோடுதான்.

எல்லோரும் கேட்கும் கேள்வி: "முதலில் குழாயைப் போட்டுவிட்டு அப்புறம் தார் போட்டால் என்ன? இந்தச் சின்ன விஷயம் அதிகாரிகளுக்குத் தெரியாதா?" தெரியாமல் இல்லை. தார் போடும் பணம் ஒரு திட்டத்திலிருந்து வரும். அதை மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டாவிட்டால் தொகை காலாவதி. ஆகவே மாசியிலும் பங்குனியிலும் எங்கே பார்த்தாலும் தார் வாசனை. குழாய் போடும் பணம் வேறொரு திட்டம். பெரிய குடிநீர் வேலைகளைச் செய்வது 1971-இல் ஏற்பட்ட குடிநீர் வடிகால் வாரியம். அதன் டெண்டர் தனி, ஒப்பந்தக்காரர் தனி, காலக்கெடு தனி. கேபிளுக்கு அனுமதி கேட்டு வருபவருக்கோ அவருடைய தலைமையகம் கொடுத்த கெடு. ஒவ்வொரு மேஜையிலும் உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொருவர் செய்வதும் சரியாகவே இருக்கும். தெருவில் நின்று பார்த்தால்தான் கிறுக்குத்தனமாகத் தெரியும்.

ஆனால் தோண்டுவதைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. ஊர் என்று இருந்தால் தோண்டத்தான் வேண்டும். குழாய் உடைந்தால் பஞ்சாங்கம் பார்த்தா தோண்டுவார்கள்? என் குறையெல்லாம் மூடுவதில்.

எனக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வயதான மேஸ்திரி. அவர் சொல்வார்: "பள்ளத்தை மூடின பிறகு பக்கத்துல எம்புட்டு மண்ணு மிச்சம் கிடக்குன்னு பாருங்க சார். வண்டி வண்டியா மிஞ்சுச்சுன்னா உள்ள திணிக்கலைன்னு அர்த்தம்." சின்ன வீட்டுக் குழாய் எவ்வளவு இடத்தை அடைத்துவிடும்? இறுக்கிக் கெட்டித்தால் எடுத்த மண் கிட்டத்தட்ட அத்தனையும் உள்ளேயே போய்விடும். ஒரு மீட்டர் ஆழப் பள்ளம் என்றால் குழாயைச் சுற்றி மணல் போட்டு, அதற்கு மேல் 15 அல்லது 20 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்கு மண், தண்ணீர், திமுசுக் கட்டையால் இடி. அப்புறம் அடுத்த அடுக்கு. இப்படி ஐந்தாறு தடவை. அதற்கு மேல் ஜல்லிப் படுகை, அதையும் கெட்டித்து, வெட்டிய ஓரங்களைச் சதுரமாக நறுக்கி, பள்ளத்தை விடக் கொஞ்சம் அகலமாகவே தார்.

நடைமுறையில் என்ன நடக்கும்? ஜேசிபி ஒரே தள்ளில் மண்ணை உள்ளே தள்ளிவிடும். மேலே எருமை முதுகு மாதிரி மேடாக விட்டுவிட்டு, "வண்டி ஓட ஓடத் தானா அமுங்கிடும்" என்பார்கள். அமுங்கும், வாஸ்தவம். அதை ரோலருக்குப் பதிலாக டவுன் பஸ் செய்து கொடுக்கும். ஆனால் எங்கே எவ்வளவு அமுங்க வேண்டும் என்று டவுன் பஸ்ஸுக்குத் தெரியாது. ஐப்பசி மழை வந்ததும் தண்ணீர் அந்த வாய்க்கால் வழியே உள்ளே இறங்கி, நைந்த மண்ணை அரித்துக்கொண்டு போகும். பள்ளம் மட்டுமா இறங்கும்? பக்கத்தில் நன்றாக இருந்த சாலையின் ஓரமும் பிடிமானம் இல்லாமல் உடையும். ஒரு அடி அகலம் வெட்டியது ஒரு வருடத்தில் மூன்றடிக் குழியாகும்.

நம் மாவட்டத்து மண்ணும் லேசுப்பட்டதல்ல. கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கம் தோண்டினால் செம்புரைக்கல். வேறு சில இடங்களில் சுக்கான் பாறை. தோண்டும்போது இவை பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். அந்தப் பாளங்களையே திரும்பப் போட்டால் நடுவில் பொந்து பொந்தாக நிற்கும். வெளியிலிருந்து நல்ல கிராவல் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். அதற்கு யார் காசு கொடுப்பது?

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் டேப் பிடித்து அளந்து எம்.புக்கில் ஏற்றலாம். மண்ணின் இறுக்கத்தை டேப்பால் அளக்க முடியாது. அதற்கென்று மணலைக் கொட்டிக் கணக்கிடும் சோதனை ஒன்று உண்டு. புதுச் சாலை போடும்போது அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். குழாய்ப் பள்ளம் மூடும்போது யாரும் செய்து என் சர்வீஸில் பார்த்ததில்லை.

இனிப் பணம். நான் வேலை பார்த்த ஊர்களில் முறை இதுதான். சாலையை வெட்டுகிறவர் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டுவார். மண் சாலைக்கு ஒரு விகிதம், ஜல்லிச் சாலைக்கு ஒரு விகிதம், தாருக்கு அதிகம், சிமெண்டுக்கு அதிகத்திலும் அதிகம். வெட்டுவதும் மண்ணைப் போட்டு மூடுவதும் அவர். மேலே தார் போடுவது எங்கள் அலுவலகம். மண்ணுக்கு ஒருவர், தாருக்கு ஒருவர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் சாலை செத்துப்போகிறது என்பது என் அபிப்பிராயம். அப்புறம் இறங்கினால் அவர் "தார் சரியாகப் போடவில்லை" என்பார். நாங்கள் "மண் சரியாக மூடவில்லை" என்போம். இரண்டும் உண்மையாகவும் இருக்கலாம்.

கட்டிய பணம் டெபாசிட் கணக்கில் ஏறும். பத்து மீட்டர் இங்கே, எட்டு மீட்டர் அங்கே என்று உதிரி உதிரியாக வரும் வேலைக்குத் தனித்தனியாக டெண்டர் விட முடியாது. எவரும் எடுக்கவும் மாட்டார்கள். ஆகவே "சேர்த்துச் செய்யலாம்" என்று கோப்பு காத்திருக்கும். சேர்வதற்குள் மழை வந்துவிடும். மழைக்குள் யார் தார் போடுவது? அதற்குள் அந்தத் தெரு முழுவதற்கும் புதுச் சாலை எஸ்டிமேட் வந்தால், "எப்படியும் புது ரோடு வருகிறது" என்று இந்தக் கோப்பு மூடப்படும். அதுவரை தற்காலிகமாகக் கொஞ்சம் ஜல்லிப் பொடி. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அவர்கள் நாட்டுப் பழமொழி ஒன்றை அடிக்கடி சொல்வார்: தற்காலிகமானது மட்டுந்தான் நிலைத்து நிற்கும் என்று. பள்ளியில் அது புரியவில்லை. பொறியியல் பிரிவில் ஒரே வருடத்தில் புரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் ஒரு அப்பத்தா வந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் முதியோர் பென்ஷன் பணம் சுருட்டிய துணி. வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் இணைப்பு வேண்டும். குழாய் தெருவுக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். இணைப்புக் கட்டணத்தை விடச் சாலை வெட்டுக் கட்டணம் அதிகம். ஏனென்றால் அந்தத் தெருவில் தார் போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"போன வருஷம் மண்ணு ரோடாத்தானே தம்பி கெடந்துச்சு? அப்ப வந்திருந்தா எம்புட்டு?"

அதையும் சொன்னேன். நாலில் ஒரு பங்குகூட வராது.

"ரோடு போடப் போறோம்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கடன உடன வாங்கியாச்சும் கட்டியிருப்பேனே தம்பி. யாருமே சொல்லலையே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். துணியை மறுபடி சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அதே வாரம் ஒரு பெரிய துறை அதே தெருவில் இருநூறு மீட்டருக்கு வாய்க்கால் எடுத்தது. அரசுத் துறைக்கு அரசுத் துறை என்பதால் "பணம் பின்னர் செலுத்தப்படும்" என்ற உறுதிக் கடிதத்தின் பேரில் அனுமதி. நான் மாற்றலாகிப் போகும்வரை அந்தப் பின்னர் வரவில்லை. விதிப்படி எல்லாமே சரி. அப்பத்தா மட்டும் தெருக் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதை நான் அடுத்த ஊருக்கு மாற்றலாகிப் போனபோது அங்கிருந்த பொறியாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். கொஞ்ச நாள் கழித்து ஒரு தெருவுக்குத் தார் எஸ்டிமேட் அனுமதியாகி வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "முப்பது நாள் டயம் கொடுத்து நோட்டீஸ் போடுங்க. தண்டோராவும் போடச் சொல்லுங்க" என்றார். தார் போடப் போகிறோம், குழாய் இணைப்பு வேண்டுவோர் இப்போதே மண் சாலைக் கட்டணத்தில் கட்டிக்கொள்ளலாம், பிறகு இத்தனை வருடத்துக்கு வெட்ட அனுமதி இல்லை என்று அறிவிப்பு. மற்ற துறைகளுக்கும் அதே கடிதம், பதிவுத் தபாலில். தெருவில் நாற்பது சொச்சம் வீடு. பதினெட்டு மனு வந்தது. இணைப்பே வேண்டாம் என்றவர்கள்கூடத் தண்டோராச் சத்தம் கேட்டு மனசு மாறினார்கள்.

அதோடு விடவில்லை அவர். தெருவின் குறுக்கே ஐந்தாறு இடத்தில் வெறும் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து இரண்டு முனையையும் மூடிவைத்தார். பின்னால் யாராவது கம்பியோ சின்னக் குழாயோ கொண்டுபோக வேண்டுமென்றால் அதற்குள் விட்டுக்கொள்ளலாம், சாலையைத் தொட வேண்டாம். எந்த இடத்தில் புதைத்தோம் என்பதற்குச் சுவரோரம் கல் நட்டு வெள்ளையடித்தோம். நான் ஒரு பேரேடு போட்டேன். ஒரு தெருவுக்கு ஒரு பக்கம். எப்போது சாலை போட்டது, எவ்வளவு கனம், யார் வெட்டினார்கள், எவ்வளவு கட்டினார்கள், எப்போது மூடியது. தணிக்கைக்கு வந்தவர் இதற்கு என்ன படிவ எண் என்று கேட்டார். எண் இல்லை என்றேன். இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தவர் தனக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்தத் தெருவில் நான் இருந்த நாலு வருடமும் ஒருவரும் கடப்பாரை போடவில்லை. செலவு என்று பார்த்தால் சில நூறு அடி குழாயும் தண்டோராக்காரர் கூலியும்தான். பொறியாளர் மாற்றலாகிப் போனார். நானும் போனேன். பேரேடு அங்கேதான் இருக்கிறதா, பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டதா, கேட்க மனசு வரவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. வேறோர் ஊரில், குளத்தங்கரை ஓரச் சாலையில் மூடிய பள்ளம் ஒன்று கார்த்திகை மழையில் இறங்கிவிட்டது. விடிகாலையில் சைக்கிளில் பால் கொண்டுபோனவர் தண்ணீர் நிற்கிறதென்று நினைத்து அதில் விட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது. அவருடைய மனைவி கொடுத்த மனு என்னிடம் வந்தது. நான் தோண்டிய துறைக்கு எழுதினேன். "எங்கள் ஒப்பந்தக்காரர் விதிப்படி மூடிவிட்டார், மேற்பரப்பு உங்கள் பொறுப்பு" என்று பதில். ஒப்பந்தக்காரருக்கு எழுதினேன். "பில் பாஸாகிவிட்டது" என்று பதில். எங்கள் பொறியியல் பிரிவின் குறிப்பு, "மண் நிரப்பியதில் குறை, தோண்டியவரே பொறுப்பு." மூன்றாவதாக, அந்தச் சாலை யாருக்குச் சொந்தம் என்பதிலேயே சந்தேகம் இருப்பதாக இன்னொரு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். மூன்று மாதத்தில் கோப்பு அரை அங்குலம் தடித்தது. பால்காரர் தடியூன்றி நடக்க ஆரம்பித்துவிட்டார். சைக்கிள் மிதிக்க முடியாமல் மாடுகளை விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். அவருக்குக் கிடைத்தது ஒரு ரூபாய்கூட இல்லை. கோப்பில் பொய் எழுதியவர் ஒருவரும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டிக் கவலை தெரிவித்தது. 2013 முதல் 2017 வரை ஐந்து வருடத்தில் சாலைக் குழிகளால் இந்த நாட்டில் இறந்தவர்கள் 14,926 பேர். எங்கள் பால்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் உயிரோடு இருந்தார். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சாலை அமைப்பவரோ பராமரிப்பவரோ தரத்தைக் கடைப்பிடிக்காமல், அதனால் உயிரோ உறுப்போ போனால், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நல்ல பிரிவுதான். ஆனால் பொறுப்பானவர் யார் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே!

சட்டம் என்று பார்த்தால் இந்தத் தோண்டல் விவகாரம் ரொம்பப் பழையது. 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்திலேயே இருக்கிறது. உள்ளாட்சியின் சாலையில் கம்பி போட வேண்டுமானால் அந்த உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். தனக்கு ஏற்படும் செலவைக் கொடு என்று உள்ளாட்சி நிபந்தனை போடலாம். வெள்ளைக்காரன் எழுதிய அந்தப் பிரிவை வைத்துத்தான் எங்கள் காலத்தில் கடிதம் எழுதினோம். 2016-இல் வழியுரிமை விதிகள் என்று வந்தன. மனு வந்து 60 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே பொருள் என்றன அந்த விதிகள். 2023-இல் தந்திச் சட்டத்துக்குப் பதில் புதிய தொலைத்தொடர்புச் சட்டமே வந்துவிட்டது. அறுபது நாள் என்பது மனுதாரருக்கு நியாயம். ஆனால் ஒரு எழுத்தர், ஒரு ஓவர்சியர் இருக்கும் சின்ன ஊர் அலுவலகத்தில் அறுபது நாள் எப்படி ஓடும் என்பதை அந்த விதியை எழுதியவர் வந்து பார்த்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1991-இல் தெரு வேலைகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அங்கே தோண்டியவரே தார் வரைக்கும் போட்டு மூட வேண்டும். மூடிய பிறகு இரண்டு வருடம் அவர் உத்தரவாதம். ஆழமான பள்ளம் என்றால் மூன்று வருடம். அதற்குள் இறங்கினால் அவரே வந்து மறுபடி செய்ய வேண்டும். சரியாக மூடினாரா என்று பார்க்க, மூடிய இடத்தில் உருளையாகத் துளைத்து ஒரு துண்டை வெளியே எடுத்து அடுக்கடுக்காக அளந்து பார்க்கிறார்கள். ஒரு தெருவில் பெரிய வேலை முடிந்தால், இத்தனை காலத்துக்கு வேறு யாரும் தோண்டக் கூடாது என்று அறிவிக்கவும் வழி இருக்கிறது. அங்கேயும் ஜனங்கள் குழியைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். இருந்தாலும் மண்ணுக்கும் தாருக்கும் ஒரே ஆள் என்ற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பால்காரரின் மனைவிக்கு ஒரே ஒரு முகவரி போதுமாயிருந்திருக்கும்.

பாரிஸ் கதை வேறு. பள்ளியில் விக்தர் உய்கோவின் 'லே மிசெராப்ள்' படித்தோம். அதில் ழான் வால்ழான் காயம்பட்ட பையனைத் தோளில் போட்டுக்கொண்டு பாதாளச் சாக்கடைக்குள் நடந்து போவார். ஆள் நடக்கிற அளவுக்குச் சாக்கடையா என்று வகுப்பில் நாங்கள் வாய் பிளந்தோம். எங்களுக்குத் தெரிந்த சாக்கடையில் பந்து விழுந்தாலே எடுக்க முடியாது. வாத்தியார் சொன்னார்: அதற்கப்புறம் பெல்கிராண்ட் என்ற பொறியாளர் அதை இன்னும் பெரிதாக்கினார், தண்ணீர்க் குழாயையும் பின்னால் தொலைபேசிக் கம்பியையும் அந்தச் சுரங்கத்தின் சுவரிலேயே மாட்டிவிட்டார்கள், குழாய் உடைந்தால் கீழே இறங்கிப் பழுது பார்ப்பார்கள், மேலே தெருவில் நடப்பவருக்குத் தெரியவே தெரியாது என்று. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஏற்பாடு. நம் ஊருக்கு அது ஆகாது. அந்தப் பணத்துக்குப் பத்து புதுக்கோட்டை கட்டலாம். எங்கள் பொறியாளர் புதைத்த அந்த ஐந்தாறு வெறுங்குழாய்தான் நம் சக்திக்கு உகந்த பாரிஸ்.

பெரிய ஊர்களில் என்னென்னவோ செய்கிறார்கள். சென்னையில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சாலை வெட்டுக்குத் தடை போடுகிறார்கள். நல்ல பழக்கம், எல்லா ஊருக்கும் வர வேண்டியது. பெங்களூரில் எல்லாத் துறையும் ஒரே கணினியில் மனு போட ஒரு ஏற்பாடு செய்தார்கள். 2023 மார்ச்சில் மத்திய அரசு, தோண்டும் முன் தெரிவிக்க ஒரு செயலியைத் தொடங்கியது. நாம் எந்த இடத்தில் தோண்டப் போகிறோம் என்று பதிந்தால், அங்கே அடியில் குழாயோ கம்பியோ வைத்திருப்பவருக்குத் தகவல் போகும். கீழ்க்குடித்தனக்காரர்கள் ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொள்ள ஒருவழியாகத் திண்ணை கிடைத்திருக்கிறது. ஆனால் இதெல்லாம் தோண்டும் முன் நடப்பது. மூடும்போது பக்கத்தில் நின்று பார்க்க ஆள்தான் வேண்டும்.

2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவிட்டார். அதையும் சொல்லியாக வேண்டும். குழி விழுந்த சாலைக்கு நாம் கண்ட ஒரே வைத்தியம் மேலே இன்னொரு அடுக்கு போடுவது. இப்படியே போட்டுப் போட்டு எத்தனை வீட்டு வாசற்படி தெருவுக்குக் கீழே போயிற்று! எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று படி ஏறிப் போன காலம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம்.

கஜா புயலை நினைக்காமல் இதை முடிக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி நம் மாவட்டத்தை உழுதுவிட்டுப் போனது. ஆலங்குடி, கீரமங்கலம், கந்தர்வகோட்டைப் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புயல் போன வழியெங்கும் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் விழுந்தன. கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. வெளி மாவட்டத்திலிருந்தெல்லாம் மின்வாரியத் தொழிலாளிகள் வந்து வயலில் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்போது எல்லோரும் சொன்னது, "கம்பியெல்லாம் பூமிக்கடியில் போக வேண்டும்." நானும் தலையாட்டினேன். ஆட்டும்போதே என் பழைய மேஜை மூளை கேட்டது: போகட்டும், ஆனால் யார் தோண்டுவார்கள், யார் மூடுவார்கள், யார் பக்கத்தில் நிற்பார்கள்?

கிராமங்களுக்கும் இப்போது இது வந்துவிட்டது. 2019-இல் ஜல் ஜீவன் திட்டம் வந்த பிறகு வீட்டுக்கு வீடு குழாய். மிக நல்ல காரியம். எங்கள் அப்பத்தா மாதிரி எத்தனை பேருக்குக் குடம் தூக்கும் பாடு குறைந்தது! ஆனால் ஊராட்சிகள் முந்தின வருடங்களில்தான் தெருவுக்கெல்லாம் சிமெண்டுச் சாலை போட்டிருந்தன. தாரையாவது ஒட்டுப் போடலாம். சிமெண்டை நடுவே அறுத்துவிட்டு மேலே கலவையைப் பூசினால் அது ஒட்டாது. வண்டிச் சக்கரம் பட்டுப் பட்டுப் பெயர்ந்து வரும். எங்கள் பங்காளி வீட்டுத் தெருவில் ஒவ்வொரு வாசலுக்கு நேராகவும் ஒரு தழும்பு.

எங்கள் தெருவையும் போன மாதம் வந்து பார்த்தார்கள். முனையில் ஒரு குழி இரண்டு மாதமாகக் கிடந்தது. இட்லிக் கடை அக்கா அதில் ஒரு வேப்பங்கொம்பை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தார். இரவில் வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். ஒரு நாள் காலையில் டிராக்டரில் ஜல்லியும் தாரும் வந்தன. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பழக்க தோஷம். நல்ல தொழிலாளிகள். குழியைச் சுத்தமாகக் கூட்டி, ஓரத்தை வெட்டி, கீழே ஜல்லி போட்டு இடித்து, அப்புறம்தான் தார் ஊற்றினார்கள். திருப்தியாக இருந்தது. அக்கா எல்லோருக்கும் டீ கொடுத்தார். கொம்பைப் பிடுங்கிய பையன் அதைத் தூக்கி எறியாமல் மதிலோரம் பத்திரமாகச் சாய்த்து வைத்தான்.

"அதை ஏம்ப்பா வைக்கிற? தூக்கிப் போடு" என்றேன்.

"இருக்கட்டுங்க ஐயா. அடுத்த மாசம் கேபிள்காரங்க வர்றாங்களாம்" என்றான்.